சித்திரை வெயிலும் மெலியும் ஏடும்

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். வீணாகும் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து நாட்டா டி கோக்கோ என்கிற, ஜெல்லி மாதிரியான தின்பண்ட ஏடு எடுக்கிறோம். மார்கழியில் விரல் கனத்துக்கு வந்த ஏடு, சித்திரையில் காகிதம் மாதிரி வருகிறது. அளவு எதையும் மாற்றவில்லை. என்ன கோளாறு?

பதில்: நீங்கள் மாற்றவில்லை, வெயில் மாற்றிவிட்டது. இந்த செல்லுலோஸ் ஏட்டை நெய்கிற கோமகாடேய்பாக்டர் சைலினஸ் பாக்டீரியாவுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ்தான் தோது. 35-ஐத் தாண்டினால் ஏடு விழுவது வெகுவாகக் குறையும். வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல், மதியம் 3 மணிக்கு ட்ரே தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். தகரக் கொட்டகையாக இருந்தால் உடனே வேறு அறைக்கு மாற்றுங்கள். சன்னலில் நனைத்த சாக்கு தொங்கவிடலாம். கோடையின் வறண்ட காற்றில் நன்றாகவே குளிரும். ஐப்பசி ஈரத்தில் பலிக்காது, அப்போது தேவையும் இராது.

அடுத்த சந்தேகம் தண்ணீர் மேல். கோடையில் உடைத்த சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். சர்க்கரையை வேறு கிருமிகள் தின்றுவிடும். அன்றைக்கே வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். லிட்டருக்குச் சர்க்கரை 100 கிராம், அமோனியம் சல்பேட் 5 கிராம். உணவுத் தரமானதே வேண்டும், உரக்கடைச் சரக்கு ஆகாது. அசிட்டிக் அமிலத்தை ஆறிய பிறகே ஊற்றுங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியோடு போய்விடும். மில்லி கணக்கை நம்பாமல் புளிப்பை அளக்கும் பி.எச். தாள் வைத்து 4 முதல் 4.5-க்குள் நிறுத்துங்கள். பிறகு பத்தில் ஒரு பங்கு தாய்க்கரைசல், அதாவது இந்தப் பாக்டீரியா உயிரோடு இருக்கும் உறைக் கரைசல்.

ஏடு மெலிந்தால் சர்க்கரையைக் கூட்டத்தான் கை போகும். வேண்டாம். குளுக்கோஸில் ஒரு பகுதியை இந்தப் பாக்டீரியா குளுக்கோனிக் அமிலமாக்கிவிடும். புளிப்பு ஏறி, நெசவு நின்றுபோகும்.

இதற்குக் காற்றில்லாமல் வேலை ஓடாது. தண்ணீரும் காற்றும் சேரும் மேற்பரப்பில்தான் ஏடு பிடிக்கும். அதனால் அகலமான ட்ரேயில் 3, 4 சென்டிமீட்டர் ஆழம் போதும். மூடி போடாமல், நெருக்க நெசவு வேட்டித் துணி கட்டுங்கள். சல்லாத் துணியில் பழ ஈ புகுந்துவிடும்.

வந்துவிட்டதா என்று தூக்கிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். அசைந்த ஏடு அமிழ்ந்துபோகும். மேலே புதிதாக இன்னொன்று தொடங்கும். கனமான ஒன்றுக்குப் பதில் மெலிந்த இரண்டுதான் மிஞ்சும். தாய்க்கரைசலையும் குலுக்காதீர்கள், குலுக்கக் குலுக்க, ஏடு நெய்யாத வகைப் பாக்டீரியா அதில் பெருகிவிடும்.

ஒரே கலவையில் ஒரு ட்ரேயைக் குளிர்ந்த அறையிலும் ஒன்றைப் பழைய இடத்திலும் வையுங்கள். பத்தாம் நாள் இரண்டும் ஒரே கனமாக மெலிந்திருந்தால், குற்றவாளி வெயில் அல்ல, தாய்க்கரைசலை மாற்றுங்கள்.