பேஸ்மட்டத்தை 4 அடி உயர்த்தச் சொல்கிறார் மேஸ்திரி. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவருமா?

உயர்த்துங்கள், தப்பில்லை. ஆனால் அந்த 4 அடியை உங்கள் பெற்றோர் எப்படி ஏறி இறங்குவார்கள் என்பதைக் கடைக்கால் தோண்டும்போதே முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.

பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, எங்கள் பழைய வீடு தெருவைவிடப் பள்ளமாகிவிட்டது. மழை பெய்தால் கூடத்தில் தண்ணீர். (சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. நாங்கள் கட்டியது அதற்கு முன்பு.) அந்தப் பயத்தில் புது வீட்டை 4 அடி ஏற்றினோம். கார் நிறுத்த இடம் விட்டதுபோக மிஞ்சியதில் 8 அங்குல உயரத்தில் 6 படிகள். கைப்பிடி கிடையாது.

குடியிருப்புகளில் ஒரு படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏழரை அங்குலம். அரை அங்குலம் கூடினால் என்ன என்று நமக்குத் தோன்றும். அப்பாவுக்கு முட்டி தேய்மானம். ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடுவார். இறங்கும்போதுதான் உடம்பின் பாரமெல்லாம் மடங்கிய ஒரே முட்டியில் நிற்கும். முதலில் சாயங்கால நடை நின்றது, அப்புறம் கோயில். திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடெல்லாம் பேசிய மனிதர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். வயதாகிவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். தங்கை வீட்டில் 10 நாள் தங்கியபோது தினமும் காலையில் தானே கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். அங்கே வாசலில் ஒரே ஒரு படிதான். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாய்தளம் போடலாம் என்று கணக்குப் பார்த்தேன். சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12, ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 4 அடிக்கு 48 அடி. எங்கள் மனையின் நீளமே 40 அடி! கடைசியில் கார் நிற்கும் 18 அடித் தரையையே சரிவாக்கி ஒன்றரை அடி ஏற்றினோம். மீதி இரண்டரை அடிக்கு 6 அங்குல உயரத்தில் 5 படிகள், கால் முழுசாகப் பதிய 12 அங்குல அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இதனால் சக்கர நாற்காலி வீட்டுக்குள் வராதுதான். ஆனால் அப்பா இப்போது துணையில்லாமல் கேட் வரை போகிறார். கட்டும்போதே இப்படி யோசித்திருந்தால், போட்ட படியை உடைக்கிற செலவு மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று. குளியலறைக்கு வழக்கமாக வைக்கும் இரண்டரை அடி அகலக் கதவு நிலையில் இரு பக்கச் சட்டமும் போக, நுழைய 2 அடிகூடச் சரியாகக் கிடைக்காது. வாக்கரோடு நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பித்தான் போகவேண்டி வரும், அதுவும் ஈரத் தரையில். நிலைக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை என்றால் அதை மூன்றேகால் அடியாக மாற்றச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு அந்தச் சுவரில் கைவைப்பது பெரிய வேலை.