கண்ணன் வெளுத்ததைக் கவனித்தீர்களா?

கேள்வி: பீட்டர் புரூக் இயக்கிய 'மகாபாரதம்' படத்தை அண்மையில் இணையத்தில் பார்த்தேன். கங்கை மைந்தராகிய பீஷ்மராக ஓர் ஆப்பிரிக்கக் கறுப்பரை நடிக்க வைத்திருக்கிறார்கள். பிதாமகருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? இது நம் இதிகாசத்தை இழிவுபடுத்துவது ஆகாதா? அந்த நடிகர்தான் யார்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கடைசியாகக் கேட்டதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதற்கு விடை தெரிந்திருந்தால் மற்ற இரண்டையும் எழுதியிருக்கமாட்டீர்கள்.

அவர் பெயர் சோத்திகி குயாத்தே. இன்றைய மாலி நாட்டின் தலைநகரான பமாக்கோவில், அது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த 1936-இல் பிறந்தார். குடும்பத்தின் வேர் கினி நாட்டில்; அவர் தம் நாடாக ஏற்றுக்கொண்டதோ அப்பர் வோல்ட்டாவை, அதாவது 1984 முதல் புர்க்கினா ஃபாசோ என்று அழைக்கப்படும் நாட்டை. இளமையில் அந்நாட்டுக் கால்பந்து அணியில் ஆடியவர். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது பிறந்த ஊரைவிடப் பிறந்த குடியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குயாத்தே என்பது வெறும் குடும்பப் பெயர் அன்று. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா கெய்ட்டாவின் புகழையும் குலவரலாற்றையும் பாடிய பல்லா ஃபசேக்கே குயாத்தேயின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதும், தலைமுறை தலைமுறையாகக் கெய்ட்டா குலத்தாருக்குக் கதை சொல்லிவரும் குடி அது. அவர்களைப் பிரெஞ்சில் 'கிரியோ' என்பார்கள். அவர்களுடைய மாண்டிங் மொழியில் 'ஜெலி'. அந்தச் சொல்லுக்குக் குருதி என்றும் பொருள் உண்டு. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதும், பெண் கேட்டுப் போகும்போதும், இரு குடும்பங்களுக்குள் பகை மூண்டால் சமாதானம் பேசவும் இவர்களைத்தான் அழைப்பார்கள்.

நம்மிடம் இதற்கு நிகரானவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சங்கப் பாடல்களில் வரும் பாணர் நினைவுக்கு வரலாம். அதைவிட நெருக்கமான ஒப்புமை நீங்கள் காக்க நினைக்கும் இதிகாசத்துக்குள்ளேயே இருக்கிறது. நைமிசாரணியத்து முனிவர்களுக்குப் பாரதக் கதையைச் சொல்பவர் சூதர் குலத்து உக்கிரசிரவஸ். பார்வையற்ற திருதராட்டிரனுக்குப் போர்க்களத்தை வருணிக்கும் சஞ்சயனும் சூதன்தான். அரசகுலங்களின் வரலாற்றை மனத்தில் சுமந்து நாவால் காப்பாற்றிய ஒரு குடி சொல்லித்தான் அந்தக் கதை நமக்கு வந்து சேர்ந்தது. அதே தொழிலைப் பரம்பரையாகச் செய்யும் குடியில் பிறந்த ஒருவர் பீஷ்மராக நின்றதை இழிவு என்கிறீர்கள்.

நிறத்துக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தின் உயிர்நாடி அதுதான் என்பதால். கிருஷ்ணன் என்ற சொல்லுக்கே கறுத்தவன் என்று பொருள். காவியத்தை இயற்றிய வியாசரின் இயற்பெயர் கிருஷ்ண துவைபாயனர். அவருடைய கருமையைக் கண்டு அஞ்சி அம்பாலிகை வெளிறிப்போனதால்தான் பாண்டு வெளிறிய உடலோடு பிறந்தான் என்று மூலமே சொல்கிறது. திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று இன்னொரு பெயர். புரூக்கின் படத்தில் கார்முகில் வண்ணனாகிய கண்ணனாக நடித்திருப்பவர் புரூஸ் மையர்ஸ் என்ற வெள்ளைக்கார ஆங்கிலேயர். அருச்சுனனாக இத்தாலியரான விட்டோரியோ மெட்சோஜோர்னோவும், தருமராகப் போலந்து நாட்டவரான ஆந்திரே செவெரினும், துரோணராக ஜப்பானியரான யோஷி ஓய்தாவும் நடித்திருக்கிறார்கள். முதன்மைப் பாத்திரங்களில் இந்தியர் என்றால் திரௌபதியாக வந்த மல்லிகா சாராபாய் ஒருவர்தான். இத்தனை பேரில் யாரைப் பற்றியும் உங்களுக்குப் புகார் இல்லை. கண்ணன் வெளுத்திருந்தது உங்கள் கண்ணை உறுத்தவில்லை. பீஷ்மர் கறுத்திருந்தது உறுத்தியிருக்கிறது. (பீமனாக வந்த செனகல் நாட்டு மமடு தியூமை எப்படியோ மன்னித்துவிட்டீர்கள்.) ஆகவே உங்கள் கவலை இதிகாசத்தைப் பற்றியதுதானா என்பதை நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது.

'வேறு ஆளே கிடைக்கவில்லையா' என்பதற்கும் விடை உண்டு. குயாத்தே 1966-இல் நாடகத்துக்கு வந்தார். அதே ஆண்டில் சொந்தமாக ஒரு நாடகக் குழுவையும் தொடங்கினார். அடிமை வேட்டையைப் பற்றி 1982-இல் வெளியான ஒரு படத்தில் நடித்தபின், 1983-இல் புரூக் அவரைப் பாரிசுக்கு அழைத்தார். இந்தப் படம் முதலில் நாடகமாகத்தான் இருந்தது. ஜான் குளோத் காரியேர் பிரெஞ்சில் எழுதிய அந்த நாடகம் 1985 ஜூலையில் பிரான்சின் அவிஞோன் நாடக விழாவில், ஊருக்கு வெளியே ஒரு கல்குவாரியில் அரங்கேறியது. 9 மணி நேர நாடகம். சில நாள்களில் இரவு தொடங்கி விடியும்வரை நடந்தது. நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பின்னர் ஆங்கிலத்திலும் அதை நடத்தி நாடு நாடாகச் சென்றார்கள். 1989-இல் வந்த படமும் ஆங்கிலத்தில்தான். பிரெஞ்சு பேசிப் பழகிய குயாத்தே அதே பாத்திரத்தை இன்னொரு மொழியிலும் தாங்கினார். படத்தில் பீஷ்மரின் குருவான பரசுராமராக வருபவரும் அவரே.

அந்த நடிப்பில் என்ன இருக்கிறது என்று சொல்ல முயல்கிறேன். மிக உயரமான, ஒடிசலான உடல், நீண்ட கைகள், அவசரமே அறியாத நடை. பீஷ்மரின் தேர்க்கொடியில் இருப்பது பனைமரம் என்று மகாபாரதம் சொல்கிறது. கொடியே இறங்கி நடந்து வந்ததுபோல் இருக்கிறார். நம் தொலைக்காட்சிப் பிதாமகர்கள் சபதம் செய்தால் வானம் இடிக்கும், சங்கு முழங்கும், கேமரா மூன்று முறை முகத்தை நோக்கிப் பாயும். குயாத்தே குரலை உயர்த்துவதே இல்லை. தன் சொல்லே தன்னைக் கட்டிப்போடும் என்று அறிந்த ஒருவர் சொல்லை எப்படி அளந்து வெளியே விடுவாரோ அப்படிப் பேசுகிறார். பேச்சு கொடுத்த வாக்காகிவிடும் என்ற அச்சம் கதைசொல்லிக் குடியில் பிறந்தவருக்கு நடிப்புப் பயிற்சியால் வர வேண்டியது இல்லை என்பது என் ஊகம்.

புரூக்கின் முயற்சியில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. காவியத்தை அது பிறந்த மண்ணிலிருந்தும் சமயத்திலிருந்தும் பெயர்த்தெடுத்து உலகப் பொதுக்கதையாக்கிவிட்டார் என்று நாடக ஆய்வாளர் ருஸ்தம் பருச்சா கடுமையாகவே எழுதினார். கீதை சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது என்பதும், இந்தியாவுக்கு அத்தனை முறை வந்து கூத்தும் ஆட்டமும் பார்த்துச் சென்றவர்கள் நாடகத்தை இங்கே கொண்டுவந்து நடத்தவில்லை என்பதும் நியாயமான மனக்குறைகள். அந்த வழக்கை நீங்கள் தொடுத்திருந்தால் நானும் பாதித் தூரம் உடன் வந்திருப்பேன். நீங்கள் தொடுத்தது தோலின் மீது.

மகாபாரதத்துக்குப் பின் புரூக்கின் மேடையில் குயாத்தே ஷேக்ஸ்பியரின் பிராஸ்பெரோவாகவும், 2004-இல் மாலியின் சூஃபி ஞானியான தியெர்னோ போக்காராகவும் வந்தார். விவிலியக் கதையை ஆப்பிரிக்க மண்ணில் வைத்துச் சொன்ன 'ஆதியாகமம்' (1999) என்ற படத்தில் யாக்கோபு அவர்தான். ஏசாவாக நடித்தவர் பாடகர் சாலிஃப் கெய்ட்டா. ஆனால் அவர் யார் என்று அறிய விரும்பும் உங்களுக்கு நான் சொல்வது மகன் தானி குயாத்தே 1995-இல் இயக்கிய 'கெய்ட்டா' என்ற படத்தை. நகரத்துப் பள்ளியில் படிக்கும் மாபோ கெய்ட்டா என்ற சிறுவனிடம், அவன் பெயரின் பொருளைச் சொல்லித்தர ஒரு முதிய கதைசொல்லி வந்து சேர்கிறார். நடக்க முடியாத பிள்ளையாக வளர்ந்த சுந்தியாத்தாவின் கதையைக் கேட்கக் கேட்கச் சிறுவனுக்குப் பாடப்புத்தகம் மறந்துபோகிறது. ஆசிரியரும் தாயும் கொதிக்கிறார்கள். கிழவர் கதையை முடிக்காமலே கிளம்பிவிடுகிறார். குயாத்தே அதில் குயாத்தேயாகவே நடித்திருக்கிறார்.

பிரெஞ்சு இயக்குநர் ரஷீத் பூஷரேபின் இரு படங்களில்தான் திரைநடிகராக அவர் உச்சம் தொட்டார் என்பேன். 'லிட்டில் செனகல்' (2001) படத்தில் அவர் செனகல் நாட்டுக் கோரே தீவின் அடிமைகள் இல்லத்தில் வழிகாட்டி. கப்பலேற்றப்பட்ட தம் முன்னோரின் வழித்தோன்றல்களைத் தேடித் தென் கரோலினாவின் பழைய ஆவணங்களைப் புரட்டி, கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தெருக்கடை நடத்தும் ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கிறார். உறவைச் சொல்லாமல், அவள் கடைக்குக் காவலாளியாகச் சேர்கிறார். புதிதாக வந்த ஆப்பிரிக்கர்களை அமெரிக்கக் கறுப்பர்கள் இளக்காரமாகப் பார்ப்பதையும், ஆப்பிரிக்கர்கள் அமெரிக்கக் கறுப்பர்களைத் தூற்றுவதையும் படம் மூடி மறைக்கவில்லை.

'லண்டன் ரிவர்' (2009) படம் 2005 ஜூலை 7-இல் 52 பேரைப் பலிகொண்ட லண்டன் குண்டுவெடிப்பை ஒட்டியது. காணாமற்போன மகளைத் தேடி ஓர் ஆங்கிலத் தாயும், மகனைத் தேடி பிரான்சில் மரங்களைப் பேணும் வேலை பார்க்கும் ஆப்பிரிக்க முஸ்லிம் தந்தையும் லண்டனுக்கு வருகிறார்கள். பிரெண்டா பிளெத்தின் நடித்த அந்தத் தாய், முதற் சந்திப்பில் அவரை எப்படிப் பார்க்கிறாள் என்பதை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். அந்தப் பார்வை உங்களுக்குப் பழக்கமானதாகத் தோன்றலாம். அவர் அதற்கு ஒரு சொல்லும் திருப்பிச் சொல்வதில்லை. பெர்லின் திரைப்பட விழா அவ்வாண்டின் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருதை அந்தப் பாத்திரத்துக்காக அவருக்கு வழங்கியது. மறு ஆண்டு, 2010 ஏப்ரல் 17-இல், பாரிசில் காலமானார், வயது 73.

இந்தப் படங்களைப் பார்த்து முடித்துவிட்டு மகாபாரதத்தை மறுபடி பாருங்கள். அதன் பிறகும் பீஷ்மரைப் பற்றிப் புகார் எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதுங்கள், வெளியிடுகிறேன். கண்ணனைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து எழுதினால்.