பள்ளத்தூர் தந்த பேச்சு: நடிகை மனோரமா பற்றிய கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி வாசகர்): மனோரமா எங்கள் ஊரில் பிறந்தவர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஊர் உலகமோ அவரைச் செட்டிநாட்டு ஆச்சி என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். 1937ஆம் ஆண்டு மே 26ஆம் நாள், கோபிசாந்தா என்ற பெயரோடு அவர் பிறந்தது உங்கள் மன்னார்குடியில். தந்தை குடும்பத்தைக் கைவிட்ட பிறகு, தாயார் ராமாமிர்தம் மகளைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு அருகில் உள்ள பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். வறுமை காரணமாக கோபிசாந்தாவின் படிப்பு தொடக்கப் பள்ளியைத் தாண்டியதும் நின்றுபோனது. ஆனால் அவருடைய காது நிற்கவில்லை. நகரத்தார் வீட்டுப் பேச்சையும் சந்தைப் பேச்சையும் கேட்டுக்கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளை, பிற்காலத்தில் வானொலி நாடகம் ஒன்றில் செட்டிநாட்டு வழக்கில் பேசி நடித்ததைத் தொடர்ந்துதான் 'ஆச்சி' என்று அழைக்கப்பட்டார். நகரத்தார் பெண்களை மரியாதையாக அழைக்கும் அந்தச் சொல், அச்சமூகத்தில் பிறக்காத ஒருவருக்கு நாக்கின் வழியாகவே வந்து சேர்ந்தது என்பதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): நாடகத்திலிருந்து திரைப்படத்துக்கு எப்படி வந்தார்?

பதில்: பன்னிரண்டு வயதளவில், பள்ளத்தூரில் முகாமிட்டிருந்த நாடகக் குழு ஒன்றில் பாடத் தெரிந்த பெண் தேவைப்பட்டபோது மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பின்னர் எஸ். எஸ். ராஜேந்திரனின் குழுவில் சேர்ந்து, கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தில் கதாநாயகியாக நடித்துப் பெயர் பெற்றார். கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) அவருக்கு முதல் படம். மேடையில் கதாநாயகியாக இருந்தவருக்கு அதில் கிடைத்தது நகைச்சுவை வேடம். நாயகிகளுக்குக் காலம் குறைவு, நகைச்சுவை நடிகைக்கோ நீண்ட காலம் உண்டு என்று கவிஞர் எடுத்துச் சொன்னதை மனோரமா பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

கேள்வி (திருச்சி வாசகர்): திரையில் அவர் கதாநாயகியாகவே நடித்ததில்லையா?

பதில்: நடித்திருக்கிறார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் ஆர். எஸ். மனோகருக்கு ஜோடி. ஆனால் அந்தப் பாதையில் திரையுலகம் அவரைத் தொடர்ந்து அழைத்துச் செல்லவில்லை. அது அவருடைய குறையன்று. நாயகிக்கு முதலில் முகத்தைப் பார்த்து, நடிப்பை அப்புறம் பார்த்த வழக்கத்தின் குறை.

கேள்வி (கும்பகோணம் வாசகி): 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் அவர் வருவது சில காட்சிகளே. இருந்தும் ஜில் ஜில் ரமாமணியை யாராலும் மறக்க முடியவில்லையே, ஏன் ஐயா?

பதில்: 1968இல் ஏ. பி. நாகராஜன் எடுத்த அந்தப் படத்தில் சிவாஜியும் பத்மினியும் மட்டுமல்லாமல், பாலையா, நாகேஷ், பாலாஜி என்று ஒவ்வொரு காட்சியிலும் ஒரு மலை நிற்கிறது. அவர்களுக்கு நடுவே மனோரமாவுக்குக் கிடைத்த வேடம் ஊர் ஊராகப் போகும் நாடகக் கொட்டகை நடிகை. அதாவது, அவர் வாழ்ந்து கடந்து வந்த வாழ்க்கையே அவருக்கு வேடமாக வந்தது.

சிவாஜி நடித்த நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் எதிரில் நின்று, அந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, இல்லை எல்லா நாயனத்திலும் வருமா என்று அவர் கேட்கும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். எழுத்தில் இது ஒரு அறியாமைக் கேள்வி, சிரித்துவிட்டுப் போய்விடலாம். மனோரமா அதைச் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலோடு, கண்ணை அகல விரித்து, வாக்கியத்தின் கடைசியை இழுத்துக் கேட்கிறார். வித்துவச் செருக்கு மிகுந்த சண்முகசுந்தரத்துக்குக் கோபம் வராமல் போவதற்குக் காரணம் அந்த இழுப்பில் இருக்கும் கள்ளமின்மைதான். நாங்கள் சிறுவயதில் டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, என் பாட்டி இந்த இடத்தில் சிரிக்காமல், "பாவம், நல்ல மனசுக்காரி" என்று சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. சிரிக்க வைக்கும் ஒரு காட்சியில் கிழவி ஒருத்திக்கு இரக்கம் பிறந்ததென்றால், அந்த நடிப்பின் ஆழத்துக்கு வேறு சான்று தேவையில்லை.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): எல்லா வட்டார வழக்கையும் அவர் சரியாகப் பேசினார் என்பது மிகைப்படுத்தல் இல்லையா?

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்குவோம். பாலசந்தரின் 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் 'முத்துக்குளிக்க வாரீகளா' பாட்டைப் பாடியவர் எல். ஆர். ஈஸ்வரி. அந்தக் குரலின் துள்ளலுக்கு ஈடாக உடம்பால் பேசியவர் மனோரமா. அடுத்த ஆண்டே 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைப் பேச்சுக்குத் தாவி, 'வா வாத்யாரே வூட்டாண்டே' என்ற பாட்டைத் தம் சொந்தக் குரலிலேயே பாடினார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து 'சின்ன கவுண்டர்' (1992) படத்தில் கொங்கு நாட்டு ஆத்தாவாக வந்தார். இந்த மூன்றையும் ஒருசேரப் பார்ப்பவர் கவனிக்க வேண்டியது, சொற்களை மட்டும் அவர் மாற்றவில்லை என்பதை. தூத்துக்குடிப் பேச்சில் வாக்கியம் மேலே ஏறி முடிகிறது. சென்னைப் பேச்சில் கழுத்தும் இடுப்பும் சேர்ந்து அசைகின்றன. கொங்குப் பேச்சில் அவசரமே இல்லை. வட்டார வழக்கென்றால் சொல்லின் ஈற்றைத் திருகினால் போதும் என்று நினைத்த நடிகர்கள் பலர் உண்டு. மூச்சு விடும் வேகம் வரைக்கும் மாற்றியவர் இவர்.

கேள்வி (சென்னை வாசகர்): நாகேஷ், சோ ஆகிய இருவரில் அவருக்குச் சிறந்த ஜோடி யார்?

பதில்: நாகேஷ். அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுத்து, அதே சமயம் அவருக்கு இடம் விட்டு நிற்கவும் மனோரமாவால் முடிந்தது. சோவோடு நடித்தபோது வசனம் முன்னால் நிற்கும், அதுவும் ஒரு சுகமே.

கேள்வி (கோவை வாசகி): எண்பதுகளுக்குப் பிறகு அம்மா, ஆயா வேடங்களில் அழுதுகொண்டே இருந்தார் என்று என் பிள்ளைகள் குறை சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: குறையில் ஓரளவு நியாயம் உண்டு. தொண்ணூறுகளின் படங்கள் சிலவற்றில் அவரை உரக்கக் கதற வைத்துவிட்டு, அதுவே நடிப்பு என்று இயக்குநர்கள் திருப்தி அடைந்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் வேலைக்காரி கண்ணம்மாவைக் காட்டுங்கள். கூலிக்கு வேலை செய்யும் பெண், அந்த வீட்டின் மானத்தைத் தன் மானமாக எண்ணிக் குரல் உயர்த்துகிறாள். அதே வாயால் அடுத்த நொடியில் சிரிக்கவும் வைக்கிறாள். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் மெக்கானிக் ராஜாவை வளர்க்கும் தாயையும், 'நடிகன்' (1990) படத்தில் முதுமை வேடமிட்ட சத்யராஜிடம் மனத்தைப் பறிகொடுக்கும் பெண்ணையும் சேர்த்துக் காட்டுங்கள். வயதான பெண்ணின் காதல் ஆசையைக் கேலிப்பொருளாக்குவது எளிது. மனோரமா அந்தப் பெண்ணின் வெட்கத்தை முழு மரியாதையோடு நடித்திருக்கிறார்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்): விருதுகள், சாதனைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்வீர்களா?

பதில்: பார்த்திபன் இயக்கிய 'புதிய பாதை' (1989) படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்ததற்காகக் கின்னஸ் புத்தகத்தில் இடம். அண்ணா, கருணாநிதி ஆகியோருடன் நாடக மேடையிலும், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என். டி. ராமாராவ் ஆகியோருடன் திரையிலும் நடித்ததால், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமையும் உண்டு.

கேள்வி (காரைக்குடி வாசகர்): இறுதிக் காலத்தில் நடித்தாரா?

பதில்: உடல் ஒத்துழைத்த வரையில் நடித்தார். 'சிங்கம்' (2010) படத்தில் பாட்டியாக வந்ததை இளையவர்களும் பார்த்திருப்பார்கள். 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் இரவு சென்னையில் காலமானார். அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா தியாகராய நகர் வீட்டுக்கு நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். உங்கள் ஊருக்கு மிக அருகில்தான் பள்ளத்தூர் இருக்கிறது. அங்கே மூத்தவர்கள் எவரேனும் அந்தக் கால நாடகங்களைப் பார்த்தவர்களாக இருந்தால், கோபிசாந்தா மேடையில் பாடிய பாட்டுகளைப் பற்றி அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். திரையில் பதிவானவை நம்மிடம் இருக்கின்றன. கொட்டகையில் அவர் பாடியவை அந்த மூத்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.