இரும்பு ஃபிளெக்சிபிள் பைப்பில் வயர் இழுக்கலாமா? கேள்வி பதில்

வீட்டு வயரிங்கில் வளையும் இரும்புப் பைப் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, வயரிங் வேலையில் இருபது வருஷமாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அண்ணா, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலித் தொல்லை. வயரைக் கடித்துவிட்டது. எல்லாவற்றையும் இரும்பு ஃபிளெக்சிபிளாக மாற்றிவிடவா?

எலிக்கு நல்ல தடைதான். ஆனால் நேராகப் போகும் இடத்துக்குக் கெட்டியான ஸ்டீல் பைப் போடுங்கள். ஜங்ஷன் பாக்ஸிலிருந்து லைட்டுக்கு இறங்கும் கடைசித் துண்டுக்கு மட்டும் ஃபிளெக்சிபிள் போதும். இதன் உள்பக்கம் சுருள் சுருளாக இருப்பதால் நீளமாகப் போட்டால் வயர் இழுக்கவே முடியாது, தொங்கவும் செய்யும்.

பைப்பே இரும்புதானே, எர்த் வயர் தனியாக எதற்கு என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன்.

தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பைப் ஒரே துண்டு இரும்பு இல்லை. மெல்லிய தகட்டைச் சுருட்டி ஒன்றோடு ஒன்று கோத்தது. துரு ஏறினாலோ, முனையில் கிளாண்ட் (பைப்பைப் பெட்டியோடு இறுக்கும் பிடி) தளர்ந்தாலோ மின்தடை கூடிவிடும். ஒரு கணக்குப் பாருங்கள். கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி. 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்.சி.பி. உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். ஃபேஸ் வயர் (கரண்ட் வரும் வயர்) பைப்பில் பட்டு, எர்த் வழியில் 5 ஓம் மின்தடை இருந்தால் 230 வோல்ட்டில் 46 ஆம்பியர்தான் பாயும். எம்.சி.பி. சூடாகி விழும்வரை பைப் முழுக்க கரண்ட் நிற்கும். அதைத் தொடுகிறவர் கதி என்ன? எர்த் இல்லாத இரும்புப் பைப்புக்கு பிளாஸ்டிக் பைப்பே மேல். பச்சை எர்த் வயரை உள்ளேயே இழுங்கள், பைப்பையும் அதோடு சேருங்கள். அப்புறம், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்கட்டும்.

இழுக்கும்போது வயரின் தோல் உரிகிறது. என்ன செய்வது?

வெட்டிய முனையைப் பாருங்கள். ஹேக்சாவில் அறுத்ததும் பிளேடு மாதிரி பிசிர் நிற்கும். அரத்தால் ராவி, பிளாஸ்டிக் புஷ் (முனையை மூடும் வழவழப்பான வளையம்) மாட்டிய பிறகே வயரை விட வேண்டும். ஒரு வீட்டில் மழை பெய்தால் மட்டும் மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடித்தது. மூன்று பேர் பார்த்து மோட்டாரையே மாற்றியும் தீரவில்லை. கழற்றிப் பார்த்தால், புஷ் போடாத முனை ஃபேஸ் வயரை நூலளவு கீறியிருந்தது. புஷ் சில ரூபாய் சாமான்தான், அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். இப்போதும் நினைத்தால் பதறுகிறது. வேலை முடிந்ததும் லைட், ஃபேன் போன்ற சாமான்களையெல்லாம் கழற்றிவிட்டு, வயர் தோலின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டினால் அப்படியே விடாதீர்கள்.

20 மி.மீ. பைப்பில் 2.5 சதுர மி.மீ. வயர் எத்தனை போகும்?

உள்விட்டம் 16 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 200 சதுர மி.மீ. அதில் 40 சதவீதம்தான் நிரப்பலாம், அதாவது 80. தோலோடு ஒரு வயர் 4 மி.மீ. தடிமன், சுமார் 12.5 சதுர மி.மீ. ஆக ஆறு. நான் ஐந்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ஃபேஸ் ஒரு பைப்பிலும் நியூட்ரல் இன்னொன்றிலும் போகலாமா?

பி.வி.சி.யில் கூட நல்ல பழக்கமில்லை, இரும்பில் கூடவே கூடாது. தனியாகப் போகும் வயரின் காந்தப்புலம் பைப்பையே சூடாக்கும். இரண்டும் ஒரே பைப்பில் போனால் ஒன்றை ஒன்று தணித்துவிடும்.

சுவருக்குள் புதைக்கலாமா?

வேண்டாம். சிமெண்டுப் பால் இடுக்கு வழியே உள்ளே இறங்கும், இரும்பும் துருப்பிடிக்கும்.

வெளியே உள்ள மோட்டாருக்கு?

மேலே பி.வி.சி. உறை போட்ட ஃபிளெக்சிபிள் வாங்குங்கள், தண்ணீர் புகாத கிளாண்டும் சேர்த்து. மோட்டாரில் வயர் சேரும் பெட்டிக்குள் பக்கவாட்டிலோ அடியிலோ பைப்பை நுழையுங்கள். மேலிருந்து நுழைத்தால் பைப் வழியே வடியும் மழைத்தண்ணீர் நேராக டெர்மினலில்தான் இறங்கும்.