மின்கட்டணம்: வழக்குக்குப் போகுமுன்

கேள்வி: மின்கட்டணத்தை உயர்த்தினால் எதிர்த்து வழக்குப் போட முடியுமா? நுவரெலியாவிலேயே போடலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: போடலாம், ஆனால் கொழும்புக்குத்தான் போகவேண்டும். கட்டணத்தை அங்கீகரிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அதன் தீர்மானம் முழு நாட்டுக்குமானது. மாகாண மேல் நீதிமன்றத்தின் எழுத்தாணை (அரச அமைப்பின் பிழையான தீர்மானத்தை ரத்துச்செய்வது போன்ற கட்டளை) அதிகாரமோ மாகாண சபை விடயங்களோடு நின்றுவிடும். ஆகவே அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ், கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு போடவேண்டும்.

"கட்ட முடியவில்லை" என்ற வாதம் மட்டும் அங்கே எடுபடாது. ஒரு யூனிட் என்ன விலை என்று நீதிபதிகள் கணக்குப் பார்ப்பதில்லை. ஆணைக்குழு சட்டம் தந்த அதிகாரத்துக்குள் நடந்ததா, மக்கள் கருத்தைக் கேட்டதா, நியாயமாக முடிவெடுத்ததா என்றே பார்ப்பார்கள். பிழை இருந்தால் தீர்மானம் ரத்தாகும். ஆனாலும் புதிய கட்டணத்தை ஆணைக்குழுதான் தீர்மானிக்கும். வென்றவுடன் பில் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பல மனுக்கள் சறுக்குவது ஆவணத்திலும் காலத்திலும்தான். சத்தியக்கடதாசியோடு தீர்மானத்தின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியும் வேண்டும். எழுத்தாணை மனுவைத் தாமதித்தாலே தள்ளுபடியாகலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதம்தான். தகவல் அறியும் சட்டத்தில் ஆவணம் கேட்டால் பதிலுக்கே 14 வேலை நாள் போகும். அதனால் தீர்மானம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். இடைக்காலத் தடை கிடைக்காதவரை புதிய கட்டணத்தைக் கட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கரண்டை வெட்டிவிடுவார்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

எங்களைக் கேட்டால், வழக்கைவிடப் பலமான இடம் தீர்மானத்துக்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்கள் கருத்தைக் கேட்கும் கலந்தாய்வு. 2025 ஒக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 வீத உயர்வை ஆணைக்குழு நிராகரித்தது கலந்தாய்வுக்குப் பிறகுதான். தோட்டத்து நிலைமையை அங்கே எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். பின்னால் வழக்கென்று வந்தால், "சொன்னோம், கேட்கவில்லை" என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: எங்கள் லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே மீட்டர். பில் தாறுமாறாக வருகிறது. இதற்கும் வழக்கா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: வேண்டாம். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு அட்டவணை. வீட்டுக்கு 50 யூனிட் எரித்தாலும் மீட்டர் 100 காட்டும். இருவருமே கூடிய விலைக்குப் போய்விடுவீர்கள். தனி மீட்டருக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, பழைய பில்களோடு பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள்.