பாயின்ட் சேர்த்தால் பணம் தேறுமா?

கேள்வி: என்எஃப்டி (டிஜிட்டல் படம் போன்றவற்றின் உரிமைச் சான்று) வாங்கி விற்கும் சந்தைகளில் ‘ட்ரேட் பண்ணுங்க, டோக்கன் தர்றோம், பாயின்ட் தர்றோம்’ என்கிறார்கள். மாதம் நாலைந்து தடவை வாங்கி விற்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஏதாவது தேறுமா?

பதில்: தேறும், கொஞ்சம். எதற்குப் பரிசு தருகிறார்கள் என்று பார்க்காமல் இறங்கினால் கைக்காசும் போகும்.

2022 ஜனவரியில் லுக்ஸ்ரேர் என்ற என்எஃப்டி சந்தை வந்தது. போட்டிச் சந்தையான ஓப்பன்சீயில் 2021 ஜூன் மத்தியிலிருந்து டிசம்பர் மத்திவரை 3 ஈதருக்காவது (ஈதர் ஒரு கிரிப்டோ நாணயம்) வர்த்தகம் செய்தவர்களுக்கு, தாங்களே வெளியிட்ட கிரிப்டோ நாணயமான டோக்கனை சும்மா கொடுத்து இழுத்தார்கள். அதுவரை சரி. அப்புறம் தினமும் ஒரு பங்கு டோக்கனை ஒதுக்கி, அன்றைக்கு யார் எவ்வளவு தொகைக்கு ட்ரேட் செய்தார்களோ அந்த விகிதத்தில் பிரித்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரிய கைகள் தங்களுடைய ஒரு வாலட்டிலிருந்து (கிரிப்டோ கணக்கு) இன்னொரு வாலட்டுக்கு அதே படத்தை எக்கச்சக்க விலைக்கு விற்று, திரும்ப வாங்கி, மறுபடி விற்று என்று சுற்றவிட்டார்கள். 2% கமிஷன் போனாலும் வரும் டோக்கன் அதைவிட மதிப்பாக இருக்கும்வரை அவர்களுக்கு லாபம்தானே? ராயல்டி (ஒவ்வொரு விற்பனையிலும் படைப்பாளிக்குப் போகும் பங்கு) இல்லாத மீபிட்ஸ் மாதிரி படத் தொகுப்புகளாகப் பார்த்து எடுத்தார்கள், அந்தச் செலவும் மிச்சம்! ஒரு நாள் மொத்த வர்த்தகம் 1 லட்சம் ஈதர் என்று வையுங்கள். நிஜமாகவே 1 ஈதருக்கு வாங்கிய உங்கள் பங்கு லட்சத்தில் ஒன்று.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த ப்ளர் என்ற சந்தை கமிஷனே வாங்கவில்லை. வாங்குவதாக விலை சொல்லி வைத்தாலே பின்னால் டோக்கனாக மாறும் பாயின்ட் தந்தார்கள், அதுவும் ஃப்ளோர் விலைக்கு (அந்தத் தொகுப்பில் விற்பனைக்கு இருக்கும் மிகக் குறைந்த விலை) எவ்வளவு பக்கத்தில் சொல்கிறீர்களோ அவ்வளவு அதிகம். இங்கேதான் சின்ன ஆள் மாட்டிக்கொள்வார். ஃப்ளோர் 1 ஈதர், நீங்கள் 0.98 சொல்லி வைத்திருக்கிறீர்கள். ராத்திரி யாரோ ஒருவர் இருபது, முப்பது படங்களை, விலை சொல்லி வைத்தவர்கள் தலையில் மொத்தமாகத் தள்ளிவிடுகிறார். காலையில் எழுந்து பார்த்தால் ஃப்ளோர் 0.8, உங்கள் கையில் 0.98-க்கு வாங்கிய படம் ஒன்று. பாயின்ட் ஓசியில் வந்ததில்லை, இந்த அபாயத்துக்கான கூலி அது. ஆயிரம் ஈதர் வைத்திருப்பவருக்கு இந்த அடி தாங்கும்.

எப்படியும் வாங்கப்போகிற படம் என்றால் பாயின்ட் தரும் இடத்திலேயே வாங்குங்கள், தப்பில்லை. பாயின்ட்டுக்காகவே வாங்குவதென்றால் கமிஷன், ராயல்டி, கேஸ் கட்டணம் (பரிவர்த்தனையைப் பதிவு செய்ய பிளாக்செயின் நெட்வொர்க்குக்குக் கட்டுவது) மூன்றையும் கூட்டி முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். டோக்கன் கைக்கு வரும் நாளில் அதன் விலை என்னவாக இருக்கும் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடவேண்டியிருக்கும்.