திரும்பி வரும் புத்தகங்களுக்கு மருந்தடிக்க வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளராக இருக்கிறேன். கொரோனா ஊரடங்கு முடிந்து 2021 செப்டம்பர் 1 முதல் கல்லூரி திறந்துவிட்டது. 2020 மார்ச்சில் எடுத்துப்போன புத்தகங்களை மாணவர்கள் இப்போதுதான் பை பையாகக் கொண்டுவருகிறார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு ஏஜென்ட், எல்லாவற்றுக்கும் கிருமிநாசினி அடித்து, புற ஊதா விளக்குப் பெட்டியும் தருவதாகச் சொல்கிறார். முதல்வரும் சரியென்பார் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கொட்டேஷனை அப்படியே ஓரமாக வையுங்கள். வந்த புத்தகங்களை மேஜையில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி மூன்று நாள் விட்டால் போதும். அமெரிக்காவில் ரியல்ம் என்ற ஆய்வுத் திட்டம் 2020இல் இதைச் சோதித்தது. தனித்தனியாக வைத்த புத்தகங்களில் மூன்று நாளில் கொரோனா வைரஸ் தென்படவில்லை. அடுக்கி வைத்தவற்றில் ஆறாம் நாளும் இருந்தது. வந்த தேதியை மட்டும் அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மூன்று நாள் அபராதமும் பிள்ளைகள் தலையில் விழும்.

ஏஜென்டின் சரக்குக்கு வருவோம். சானிடைசர் அட்டையின் மையைக் கரைக்கும். ஹைப்போகுளோரைட் என்ற பிளீச்சிங் மருந்து தாளை வெளுத்து நொறுங்க வைக்கும். புற ஊதா ஒளி பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். 400 பக்கப் புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தால் அட்டைக்குத்தான் வைத்தியம். ‘சான்றிதழ் தருகிறோம்’ என்பார்கள். யார் கொடுத்த சான்றிதழ், எந்தப் பொருளில் சோதித்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். புத்தகம் வாங்கக் காசு கேட்டால் கோப்பு மாதக்கணக்கில் தூங்கும். மருந்தடிக்க என்றால் மட்டும் மறுநாளே காசோலை! பரப்பி வைக்கச் செலவே இல்லை என்பதால் அதை யாரும் விற்க வருவதில்லை.

மலையில் உங்களுக்கு உண்மையான எதிரி பூசணம். வைரஸ் தானாகச் சாகும், பூசணம் வளரும். ஆகவே ஈரம் ஏறிய புத்தகத்துக்கு மூன்று நாள் கணக்கு பொருந்தாது. பிளாஸ்டிக் பையில் கட்டி ‘தனிமைப்படுத்தினால்’ அந்த மூன்று நாளே பூசணத்துக்குப் போதும். புத்தகத்தைத் திறந்து தையல் பக்கம் முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடை வந்தாலோ, சாம்பல் பொடி தெரிந்தாலோ தனி அறைக்குக் கொண்டுபோங்கள். பக்கங்களை விசிறிபோல் விரித்து நிற்க வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். வெயில் வேண்டாம், அட்டை வளையும். நன்றாக நனைந்திருந்தால் இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து மாற்றுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதன் மை ஒட்டும். பொடி முற்றிலும் உலர்ந்த பிறகு, என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டு, வெளித் திண்ணையில் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் பூசணத்தைத் தாளுக்குள் தேய்த்ததாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த பீரோக்களையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பனிமூட்டம் இருக்கும்போது ஜன்னலைத் திறக்காதீர்கள்; வெயில் ஏறிய பிறகு திறந்து, மூட்டம் இறங்குமுன் சாத்திவிடுங்கள். அந்துருண்டை ராமபாணப் பூச்சியை விரட்டும், பூசணத்தை ஒன்றும் செய்யாது. ஏஜென்டுக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் சிறு துளியை எடுத்து ஓர் ஈரப்பதமானி வாங்கச் சொல்லுங்கள். அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.